இடாப்பில் உயிரோடிருந்த இருபத்தேழு

றுஷ்தாவுக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பாராட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஏழு வருடம் அவளுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள் என்ற முறையில், நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நேரத்தோடு வீட்டுக்குப் போக ஆசைப்பட்டு, முகாமையாளர் கேட்டால் நெட்வேர்க் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடு என்று அவளிடம் கெஞ்சினேன். அவரும் வந்து கேட்டார். நெட்வேர்க் நன்றாகத்தான் இருக்கிறது, ரூபி அக்காவுக்குத்தான் வீட்டுக்குப் போக வேண்டுமாம் என்று முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னாள். அன்றைக்கு ஐந்து மணி தாண்டியும் இருந்து பழைய கடிதங்களைக் கோவைகளில் போட்டேன். அவளும் பஸ்ஸை விட்டுவிட்டுக் கூட இருந்து உதவி செய்தாள். ஒருவரோடு நிம்மதியாகக் கோபித்துக்கொள்ளக்கூட விடாத பெண்.

நான் ஜெயரூபி. ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிற ஒரு சரக்குக் கப்பல் கொம்பனியின் கிளைக் கந்தோரில் முகாமையாளரின் தட்டச்சுக்காரி. இருபத்தொரு வருடமாக அவர் சொல்லச் சொல்ல அடிக்கிறேன். றுஷ்தா எங்கள் கந்தோரின் கணினிகளுக்குப் பொறுப்பு. கிண்ணியாவிலிருந்து காலைப் பஸ்ஸில் வருவாள். அவளுடைய கைப்பையில் ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு சுருள் வயர், ஒரு பை கச்சான் கடலை எப்போதும் இருக்கும். கணினி பழுது என்று கூப்பிட்டால் வந்தவுடன் கச்சானைத்தான் நீட்டுவாள். நீங்கள் அதைச் சாப்பிட்டு ஆறிய பிறகே பெட்டியைத் திறப்பாள்.

எங்கள் கொம்பனியின் கணினிகளுக்கெல்லாம் கொழும்புத் தலைமைக் கந்தோரில் ஓர் இடாப்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்து வரவு இடாப்பு மாதிரித்தான், ஆனால் கடதாசியில் இல்லை, அதுவும் ஒரு கணினிக்குள்ளேயே இருக்கிறது. இடாப்பில் பெயர் இல்லாத பெட்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் எங்கள் நெட்வேர்க் அதைப் படலையடியிலேயே நிறுத்திவிடும். பெயர் இருந்தால் உள்ளே விட்டு, இன்ன நாள், இன்ன நேரம் வந்தது என்று குறித்தும் வைக்கும். கொழும்புக்காரர் எல்லாவற்றுக்கும் இலக்கம் போட்டிருந்தார்கள். எங்களுக்கு ஒன்றிலிருந்து நாற்பத்து மூன்று வரை. ஒவ்வோர் இலக்கத்துக்கும் பக்கத்தில் விபரம் எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. மற்றக் கிளைகளில் அதை வெறுமையாக விட்டிருக்கிறார்களாம்.

றுஷ்தா விடுவாளா? கிண்ணியாவில் வீட்டு இலக்கம் சொல்லி யாரும் வீடு தேடுவதில்லை, பள்ளிக்குப் பின்னால், நீலக் கேற், ஆடு கட்டியிருக்கும் வீடு என்றுதான் சொல்வார்கள் என்பாள். அந்த வழக்கத்திலேயே கட்டங்களை நிரப்பினாள். "பதினான்கு: ரபீக்காவின் மேசை. ஜன்னலோரம். மழை பெய்தால் உள்ளே இழுத்து வைக்கவும்." "முப்பத்தொன்று: மூலை அறை. கத்துவது மேலேயுள்ள விசிறி, பெட்டி அல்ல." என்னுடையதற்கு, "ஆறு: ரூபி அக்கா. விசைப்பலகைக்குள் கச்சான் தோல்" என்று எழுதியிருந்தாள். யார் தந்த கச்சான் என்று மட்டும் எழுதவில்லை.

போன ஜூலையில் கொழும்பிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு கிளையும் இடாப்பில் இருக்கிற கணினிகளை நேரில் கண்டு, எது எங்கே இருக்கிறது என்று எழுதி, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். கிளைகளில் கணினிக்கென்று ஓர் ஆள் தேவையா, கொழும்பிலிருந்தே பார்த்துக்கொள்ளலாமா என்று அந்தப் பட்டியலை வைத்துத்தான் முடிவெடுப்பார்களாம். றுஷ்தா ஏழு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறாள். அடுத்த வருடம் நிரந்தரமாக்குகிறோம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லி, இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்து வாங்குவார்கள். இந்த முறை பட்டியலில் பிழை வந்தால் அந்தக் கையெழுத்தும் போய்விடும். அவள் படித்த படிப்புக்கு இங்கே வேறு வேலை கிடையாது, கொழும்புக்குத்தான் போக வேண்டும். புருஷன் றிஸ்வி மூதூரில் படகு எஞ்சின் திருத்துகிறவர், மகளுக்கு ஆறு வயது. எங்கே போவது?

திங்கட்கிழமை நானும் அவளோடு மேசை மேசையாகத் திரிந்தேன். நாற்பத்திரண்டு பெட்டிகள் இருந்தன. இருபத்தேழைக் காணவில்லை.

இருபத்தேழு எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் தவராசா அண்ணர் பாவித்த பெட்டி. பழையதாகிவிட்டது, பாவனைக்கு உதவாது என்று அவரே எழுதிக் கழிவுக் குவியலில் போட்டுவிட்டு, பங்குனி மாதம் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். குவியலைக் கிண்டிப் பார்த்தோம். மூன்று கால் கதிரைகள் இருந்தன, இருபத்தேழு இல்லை. எனக்குச் சினம் வந்துவிட்டது. செத்த பெட்டிக்கு ஏன் இந்தப் பாடு, இடாப்பிலிருந்து அழித்துவிட்டு நாற்பத்திரண்டு என்று அனுப்பிவிடு என்றேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். இருபத்தேழு அன்று காலை பத்துப் பத்துக்கு வேலைக்கு வந்திருந்தது. பத்து நாற்பதுக்குப் போயிருந்தது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையும் அப்படியே. ஏப்ரலிலிருந்து அநேகமாக ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம், மணிக்கூடு தவறாமல்.

"செத்தது எண்டு எழுத ஏலாது அக்கா. உயிரோட இருக்கு."

"அது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்."

"எனக்குத் தெரியுமே" என்றாள். இதற்கு மேல் இவளோடு என்ன கதைப்பது?

யாருடைய பெயரில் உள்ளே வருகிறது என்று பார்த்தாள். எல்லோரும் பாவிக்கிற பொதுப் பெயரில் வந்திருந்தது. அதன் கடவுச்சொல் ஊருக்குள் திரிந்து எங்கள் கேற்றடியில் வந்து படுக்கிற மான்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். வயரைப் பிடித்துக்கொண்டு போனோம். அது கூரைக்குள் ஏறி, பழைய வயர்களோடு சிக்குப்பட்டு, பின்பக்கத்து நாலு அறைகளுக்கு இறங்கியது. அந்த நாலில் எது என்று அங்கேயிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. களஞ்சியம், பழைய கோவைகள் அறை, சாப்பாட்டு அறை மூன்றையும் தலைகீழாக்கினோம். ஆறு வருடத்துக்கு முன் காணாமல்போன என் குடை கிடைத்தது. அதற்காக நான் சந்தோசப்பட்டதை றுஷ்தா கொஞ்சம் கசப்போடுதான் பார்த்தாள்.

நாலாவது முகாமையாளர் சின்னராசா சேரின் அறை. அங்கே தேட வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. எல்லோருக்கும் கணினி வந்தபோது, பேனை பிடித்த கைக்கு இது எதற்கு என்று தன்னுடையதை எல்லோருக்கும் முன்னால் திருப்பிக் கொடுத்த மனிதர் அவர். அதற்காக இழுத்த வயர்கூடச் சுவரில் சும்மா தொங்குகிறது. அறையில் ஒரு மேசை, நாலு கதிரை, ஓர் இரும்பு அலுமாரி, அவ்வளவுதான். அந்த அலுமாரியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கொஞ்சக் காலமாக, காலையில் நான் கதவைத் தட்டினால் உள்ளே அலுமாரி சாத்துகிற சத்தம் கேட்கும். பிறகு போனால் அதற்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நிற்பார். ஆளுக்குச் சீனி வருத்தம். அதற்குள் மஸ்கட் இனிப்பு ஒளித்து வைத்திருக்கிறார் என்று நான் முடிவு கட்டி, கந்தோரில் எல்லோருக்கும் சொன்னேன். சந்தையில் கண்டபோது அவருடைய மனைவி இராசமலருக்கும் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அந்தக் கிழமை முழுவதும் சேர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தவராசா அண்ணருக்குத் தொலைபேசி எடுத்தோம். ஆள் வெருகலில் தோட்டம் செய்துகொண்டிருந்தார். இருபத்தேழு எங்கே என்று கேட்டோம். "அது நல்ல இடத்திலை இருக்குப் பிள்ளை. நீங்கள் ஒண்டுக்கும் கவலைப்படாதேங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். செத்த வீட்டில் சொல்கிற வார்த்தையை இவர் ஏன் இங்கே சொல்கிறார் என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை றுஷ்தா ஒரு வேலை செய்தாள். தன் இடத்தில் இருந்தபடியே இடாப்பிலுள்ள எந்தப் பெட்டிக்கும் அவளால் கட்டளை அனுப்ப முடியும். பத்துப் பத்துக்கு இருபத்தேழு விழித்தவுடன், "இந்தப் பெட்டிக்கு முன்னால் இருப்பவர் தயவுசெய்து றுஷ்தாவிடம் வரவும்" என்று அதன் திரையில் ஒரு செய்தி வரச் செய்தாள். பத்துப் பதினொன்றுக்கு இருபத்தேழு அணைந்தது. புதன்கிழமை வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. திருடன் ஒருவன் கந்தோருக்குள் குடியிருக்கிறான் என்று கந்தோர்ப் பெடியன் றிப்தி சொல்ல, சாப்பாட்டு அறைக்கு யாரும் தனியாகப் போகவில்லை. றுஷ்தா கச்சானைத் தொடவே இல்லை. நான் அதைக் கண்டுதான் பயந்தேன்.

வியாழன் பின்னேரம் அவள் இடாப்பைத் திறந்து இருபத்தேழைத் தெரிவு செய்தாள். அழிக்கவா என்று கணினி கேட்டது. அமத்து, அமத்திப்போட்டு வீட்டுக்குப் போய் உன் பிள்ளையைப் பார் என்றேன். உண்மையாகவே அவளுக்காகத்தான் சொன்னேன். அவள் இல்லாத கந்தோரை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் சுட்டியை ஆம் என்பது வரைக்கும் கொண்டுபோய்விட்டு, வேண்டாம் என்பதை அமத்தினாள். பிறகு என்னிடம் திரும்பி, இந்தக் கந்தோரில் எல்லோருடைய காதிலும் கட்டாயம் விழுகிற சத்தம் எது என்று கேட்டாள். இருபத்தேழு மறுபடி விழித்தால் அதை அந்தப் பெட்டியிலிருந்து ஒலிக்க விடலாம், சத்தம் வருகிற திசையைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்பது அவளுடைய திட்டம். தொலைபேசி மணி சரிவராது, நாங்கள் அதை எடுப்பதே இல்லை. யோசித்துப் பார்த்து, சூன் பாண் என்றேன்.

சூன் பாண் என்பது பாட்டுப் போட்டபடி பாணும் பணிஸும் விற்றுக்கொண்டு வருகிற ஓட்டோ. எங்கள் தெருவுக்குப் பின்னேரம் நாலு மணிக்கு வரும். அந்தப் பாட்டை அன்றைக்கே கேற்றடியில் நின்று தன் போனில் பதிந்தாள். யோசனை என்னுடையது. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பத்துப் பத்துக்கு இருபத்தேழு விழித்தது. றுஷ்தா என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு, பாட்டை அனுப்பினாள்.

பின்பக்கத்திலிருந்து சூன் பாண் பாட்டு எழுந்தது. நாலு மணிக்கு வருவது காலையில் ஏன் வருகிறது என்று யோசிக்காமல் கந்தோரே எழுந்தது. ரபீக்கா பேர்ஸோடு ஓடினாள். றிப்தி செருப்பைப் போடாமல் ஓடினான். காவலாளி றுவைஸ் கேற்றை விரியத் திறந்துவிட்டார். தெருவில் நின்ற இரண்டு மான்களும் பாண் துண்டு கிடைக்கும் என்று வந்துவிட்டன. சத்தம் வருகிற திசைக்குப் போக வேண்டிய சனம், அந்தச் சத்தத்துக்கு எங்கே போய்ப் பழக்கமோ அங்கே போய் நின்றது. அவர்களை ஏன் சொல்வான்? யோசனை சொன்ன நானே பேர்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் முதல் ஆளாக நின்றேன். அங்கே போய், வெறும் தெருவைப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது.

நான் முதல் ஆள்! அதுதான் எனக்கு உறைத்தது. சூன் பாண் வரத் தொடங்கின காலத்திலிருந்து அந்தக் கேற்றடியில் முதல் ஆளாக நிற்கிறவர் சின்னராசா சேர். சீனி வருத்தத்தோடு, எனக்கில்லை, விருந்தாளிக்கு என்று சொல்லிக்கொண்டு சீனிப் பணிஸ் வாங்குவார். இன்றைக்கு முழுக் கந்தோரும் தெருவில் நிற்கிறது, அவரை மட்டும் காணவில்லை.

திரும்பி ஓடினேன். றுஷ்தா ஏற்கெனவே அவருடைய அறை வாசலில் நின்றாள். உள்ளே அலுமாரி பாடிக்கொண்டிருந்தது. கதவு இரண்டும் திறந்து, நடுத்தட்டில் இருபத்தேழு, மேல்தட்டில் அதன் திரை, முன்னால் இழுத்துப் போட்ட கதிரை. சேர் கோவைகளை அள்ளி அள்ளிப் பெட்டியின் மேல் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"கதவைச் சாத்தும் பிள்ளை. இதை எப்பிடி நிப்பாட்டுறது?"

றுஷ்தா போய் நிப்பாட்டினாள். சேர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். தவராசா போகும்போது கேட்டு வாங்கி வைத்தேன் என்றார். ஒரு கடிதம் அடிக்கிறேன், ஒரு விரலால்தான் வருகிறது, சிலவேளை அடித்ததெல்லாம் காணாமல் போகிறது, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது என்றார். இந்தக் கிழமைக்குள் முடித்துவிட்டுப் பெட்டியைச் சத்தமில்லாமல் குவியலில் வைக்க இருந்தாராம். திரையில் றுஷ்தாவின் பெயரைக் கண்டு பயந்து இரண்டு நாள் வீணாய்ப் போயிற்றாம். இன்னும் இரண்டு வரிதான் இருக்கிறது என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "வடிவாய்ப் பாரும் ஜெயரூபி. மஸ்கட் ஏதும் இருக்கோ?" என்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"சேர், இது எங்க இருக்கு எண்டு நான் எழுதணும்" என்றாள் றுஷ்தா.

"அலுமாரிக்குள்ளை எண்டோ?"

"ஓம் சேர்."

கணினி வேண்டாம் என்று சபையில் சொன்ன மனிதர். கொழும்பு முழுக்க அதை வாசிக்கும். நானென்றால் களஞ்சியம் என்று எழுதியிருப்பேன். அவர் பெட்டியின் மேலிருந்த கோவைகளை எடுத்து அடுக்கிவிட்டு, உள்ளதை எழுதும் என்றார்.

அவள் எழுதினாள். "இருபத்தேழு: முகாமையாளரின் அறை. அலுமாரிக்குள். நல்ல நிலையில், நாளாந்தப் பாவனையில். கதவைத் தட்டிவிட்டுப் போகவும்." ஒரு சொல் பொய்யில்லை, ஒரு சொல்லில் அவருக்குச் சிறுமையும் இல்லை. இப்படியும் உண்மை எழுதலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பட்டியல் போனது. களைத்துப்போய் முகம் கழுவ எழுந்து போனாள்.

அந்த நேரம் பார்த்து என் மேசைப் பக்கத்துப் பிரின்டரில் ஒரு தாள் வந்து விழுந்தது. தாள் விழுந்தால் எடுத்துப் பார்க்காமல் இருக்க நான் என்ன முனிவரா? மேலே "இரகசியம்" என்று இருந்தது. திகதி ஏப்ரல் மாதத் திகதி. தலைமைக் கந்தோரின் ஆளணிப் பிரிவுக்கு. ஏழு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கும் றுஷ்தாவுக்கு நிரந்தர நியமனம் தர வேண்டும் என்று சேர் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். ஓர் இடத்தில், அழிக்கத் தெரியாமல், செல்வி அல்ல, திருமதி என்று அப்படியே அடித்திருந்தார். கடைசி இரண்டு வரி இன்றைக்கு அடித்தவை: "இவர் இருப்பதை இல்லையென்று எழுதமாட்டார். இந்தக் கிளையில் இவரால் கண்டுபிடிக்க முடியாதது ஒன்றுமில்லை, இன்று என்னையும் கண்டுபிடித்தார்."

சேரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தீரோ என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் அன்றைக்கு ஏனோ அந்தப் பொய் வெளியே வரவில்லை. இரண்டு தரம் வாசித்தேன் என்றேன். இருபத்தொரு வருடமாக உங்கள் கடிதம் எல்லாம் நான்தானே அடித்தேன், இதை ஏன் என்னிடம் தரவில்லை என்றும் கேட்டுவிட்டேன்.

"உம்மட்டைத் தந்திருந்தால் முதல் வரி முடிய முன்னம் கிண்ணியாவுக்குப் போயிருக்கும். பிறகு கொழும்பு மாட்டன் எண்டு சொன்னால், அந்தப் பிள்ளை ஆசைப்பட்டு ஏமாறுமே?"

என் வாய்க்குப் பயந்து ஒரு மனிதர் நாலு மாதம் அலுமாரிக்கு முன்னால் ஒரு விரலோடு இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை. நான் பட்டது எனக்குத்தான் தெரியும். பக்கத்து மேசையில் அவள் இருக்கிறாள், பட்டியலைப் பற்றி ஏதும் வந்ததா அக்கா என்று கேட்கிறாள், என் நாக்கு நுனியில் கடிதம் நிற்கிறது. கச்சானை வாங்கி வாய் நிறையப் போட்டுக்கொள்வேன். ரபீக்கா எனக்குச் சுகமில்லையா என்று விசாரித்தாள்.

நியமனக் கடிதம் ஒரு புதன்கிழமை வந்தது. றுஷ்தா அதை வாசித்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துச் சத்தம்போட்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சேரின் ஒரு விரலை, இருபத்தேழுக்குள் இருந்த கடிதத்தை, கடைசி இரண்டு வரியை. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்டைக்கு நான் இருபத்தேழை அழிச்சிருந்தா?"

அழித்திருந்தால் அந்தப் பெட்டி சேரையே உள்ளே விட்டிருக்காது. அவளுடைய கடிதம் அவளாலேயே பூட்டப்பட்டு, கழிவுக் குவியலில் மூன்று கால் கதிரைகளோடு கிடந்திருக்கும். அழி, அழி என்று பக்கத்தில் நின்று சொன்னவள் நான். அதையும் அவளிடம் நானே சொன்னேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இடாப்பைத் திறந்து ஏதோ அடித்தாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள்.

"ஆறு: ரூபி அக்கா. மூன்று கிழமை இரகசியம் காத்தவர்."

கொழும்பு வரைக்கும் தெரிகிற இடத்தில், அதுவும் பொய் எழுதத் தெரியாதவளின் கையால். எனக்கு வேறு பதக்கம் வேண்டாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்ப அந்தக் கச்சான் தோலை எடுத்துவிட்டாயா என்று கேட்டேன். அவள் திரையில் கொஞ்சம் கீழே இறக்கி அடுத்த வரியைக் காட்டினாள். அது இன்னும் உள்ளுக்குத்தானே கிடக்கு அக்கா என்றாள்.